மெல்லக் கற்போர் பட்டியல்

ஜூலை 3, புதன்

இன்று கோதண்டம் சார் என்னை உட்காரச் சொன்னார். கணிதத் துறைக்கு அவர் தலைவராகி நான்கு வருடமாகிறது. அவர் அறையில் இதுவரை நின்றுதான் பேசியிருக்கிறேன்.

"அமுதவல்லி, நல்லாப் படிக்கிற பிள்ளைகள வச்சு, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குற திட்டம் ஒண்ணு பேப்பர்ல மட்டும் இருக்குல்ல, அத நீங்க எடுத்து நடத்துங்க. அக்டோபர்ல தரக்குழு வருது. போன தடவ இதுலதான் நமக்கு மார்க் போச்சு."

சரிங்க சார் என்றேன். நான் எழுந்தபோது, "பதினோரு வருசமா தற்காலிகமாவே இருக்கீங்க. இது நல்லா அமைஞ்சா நிரந்தரத்துக்கு நானே பேசுறேன்" என்றார்.

வரும் வழியில் ஸ்கூட்டருக்குப் பிரேக் ஒயர் மாற்றினேன். வீட்டில் மாவு புளித்துப் போயிருந்தது. இட்லி வேண்டாமென்று தோசையாக ஊற்றினேன். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும், "இந்த வருசமாவது பாரு" என்றார். அவர் பேச்சே அப்படித்தான்.

ஜூலை 5, வெள்ளி

பட்டியல் தயார். அரியர் வைத்திருப்பவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் இருபத்திரண்டு பேர் இரண்டாம் ஆண்டு, எல்லாரும் நுண்கணிதத்தில் விழுந்தவர்கள். மூன்றாம் ஆண்டில் ஒருத்திதான்: கு. பாண்டிச்செல்வி. ஆங்கிலத்தில் இரண்டு தாள். மேலே 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பு போட்டேன். சுற்றறிக்கையில் இருக்கும் சொல் அதுதான், நானாக வைத்ததல்ல. யார் மனமும் நோகக் கூடாதென்று மார்க் வரிசையில் போடாமல் அகர வரிசையில் போட்டேன்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு விதி: எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் மார்க், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. ஐந்து பேர் தேறினார்கள். முதலாவதாக வர்ஷா, மூன்றாம் ஆண்டின் முதல் மாணவி. ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டி அரை மணி நேரத்தில் யாரோ பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். வேறு பிரதி ஒட்டி, கண்ணாடிக் கதவைப் பூட்டச் சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் வகுப்பு. இனி செவ்வாய், வியாழன் மதியம் கடைசி இரண்டு பீரியட். வர்ஷா தன் நோட்டைப் பார்த்துப் பலகையில் எழுதினாள், அவர்கள் பலகையைப் பார்த்து நோட்டில் எழுதினார்கள். "டவுட் இருக்கா?" என்று கேட்டாள். பூபாலன் என்ற பையன், "டவுட்டு வர்ற அளவுக்குப் புரிஞ்சிருந்தாத்தான் பரவால்லியே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வர்ஷாவும் சிரித்தாள். நான் அவனை எழுப்பி வெளியே நிறுத்தினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஐந்து பேர்தான் வந்தார்கள். அறிக்கைக்குப் புகைப்படம் தேவை. அதனால் பக்கத்து வகுப்பிலிருந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினாறு பேரை அழைத்து உட்கார வைத்து எடுத்தேன். அவர்களுக்கும் காதில் நாலு வார்த்தை விழுந்திருக்கும். நல்லதுதானே.

ஜூலை 18, வியாழன்

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு முடிவு வந்தது. இல்லை. நான்காவது முறை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மாலை கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் ஷெட்டில் ஒரு கூட்டம். சண்டையோ என்று போனேன். தரையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண், டிபன் பாக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, செங்கல் துண்டால் சிமெண்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கறுத்த, ஒல்லியான பெண். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"பஸ் ஸ்டாப்பப் பாத்து வருது. இன்னும் கிட்ட வருது. இன்னும் கிட்ட. நிக்கலாம், நிக்காமலும் போயிரலாம், நம்ம டிரைவரு குணம் தெரியும்ல. நின்னுச்சாங்கறது வேற கேள்வி. எங்க பாத்து வருதுங்கறதுதான் லிமிட்டு. இந்த ரெண்டயும் ஒண்ணுன்னு நெனச்சதாலதான் நீ பெயிலு."

பூபாலன் செங்கல் துண்டை வாங்கி அடுத்த கணக்கைத் தானே போட்டான். சரியாகப் போட்டான்.

அவள் வகுப்புக்கு நான் பாடம் எடுத்ததில்லை, அதனால் யார் அந்தப் பெண் என்று விசாரித்தேன். பாண்டிச்செல்வி. என் பட்டியலில் இருக்கும் பாண்டிச்செல்வி.

ஜூலை 22, திங்கள்

அவளைத் துறை அறைக்கு அழைத்துப் பேசினேன். மலையடிவாரத்துக் கிராமம், அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா இல்லை. அம்மா நூல் மில்லில் வேலை. கணக்கில் எல்லாத் தாளிலும் எண்பதுக்கு மேல். ஆங்கிலம் மட்டும் ஏறவில்லை.

"ஷெட்ல சொல்லிக்குடுக்குறத வகுப்புல வந்து சொல்லிக்குடு" என்றேன்.

"நான் அந்த லிஸ்ட்ல இருக்கேனுங்களே மேம்."

"அதனாலதான் உன் பேர் பதிவேட்ல வராது. வர்ஷா பேர்ல இருக்கும். சொல்லிக்குடுக்குறது நீ. பேர்ல என்ன இருக்கு?"

"பேரு கெடக்குதுங்க மேம். அந்த ரெண்டு பீரியடும் எங்களுக்குக் கம்ப்யூட்டர் லேபு. அட்டென்டன்சு?"

"ஆன் டியூட்டி போட்டுத் தரேன், வகுப்புக்கு வந்த கணக்காயிரும். அது என் பொறுப்பு."

"இங்கிலீஷ் அரியருக்கு மட்டும் யாராவது சொல்லிக்குடுத்தா நல்லாருக்குங்க மேம். அது ஒண்ணுதான் என்னையப் புடிச்சு இழுக்குது."

வர்ஷாவிடம் சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். நியாயமான கொடுக்கல் வாங்கல். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் நன்றி சொன்னாள்.

ஜூலை 30, செவ்வாய்

இருபது பேர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வாரத்துக்கு இரண்டு நாள் போதவில்லை என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளாக்கினேன். பாண்டிச்செல்வி, "மேம், எனக்கு எட்டு பீரியட் போகுதுங்களே" என்றாள். பொறுப்பு என்னுடையது என்று சொல்லியாகிவிட்டது. ஒரே விஷயத்தை எத்தனை தடவை கேட்பாள்?

வர்ஷாவிடம் ஆங்கிலம் பற்றிச் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உள்தேர்வு முடிவு. நுண்கணிதத்தில் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். கோதண்டம் சார் எல்லார் முன்னாலும், "அமுதவல்லிகிட்ட ஏதோ கைராசி இருக்கு" என்றார். முதல்வர் என்னை அழைத்து, மற்றத் துறையினருக்கு இதைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தச் சொல்லியிருக்கிறார். தலைப்பு யோசிக்க வேண்டும்.

வர்ஷா வந்தாள். "மேம், எல்லாரும் என்னைப் பாராட்டுறாங்க. செல்வி பண்றதுக்கு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு மேம்."

"நீ மேற்படிப்புக்குக் கோயம்புத்தூர் போகணும்ல? இந்தச் சான்றிதழ் உதவும். அவளுக்கு இது எதுக்கும் உதவாது. விதிப்படி குடுக்கவும் முடியாது."

தலையாட்டிவிட்டுப் போனாள். ஆங்கிலம் பற்றி அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வகுப்பு நடக்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் தகுதித் தேர்வுக்குப் படிப்பது வழக்கம். ஒரு தொடர் கணக்கு, மூன்று நாளாக முடியவில்லை. பாண்டிச்செல்வி நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் வந்தவள் நின்றாள். நான் மூடுவதற்குள் பார்த்துவிட்டாள்.

"மேம், ஒத்தப்படையத் தனியா, ரெட்டப்படையத் தனியாப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

என் கையிலிருந்த பென்சிலை வாங்கி நான்கு வரி எழுதினாள். முடிந்துவிட்டது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் பக்கத்தில் இருந்த பூபாலன் திரும்பி எல்லாரிடமும், "டேய், மேமும் நம்ம லிஸ்ட்ல சேந்துட்டாங்கடா" என்றான்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்காமல், "டேய், சும்மாருடா" என்று அவனை அதட்டினாள். எனக்காகப் பரிந்து பேசினாள்.

நல்ல பெண்தான். ஆசிரியர் கையிலிருந்து பென்சிலை வாங்கக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

தலைவலி. விடுப்பு.

ஆகஸ்ட் 29, வியாழன்

சில ஒழுங்குகள் தேவைப்படுகின்றன. குழு வரும்போது ஆங்கிலத்தில் நடக்க வேண்டிய வகுப்பு இது. இன்றிலிருந்து ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லித்தர வேண்டும் என்று அறிவித்தேன்.

பாண்டிச்செல்வி பலகை முன்னால் நின்றாள். சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஃபங்ஷன்... ஈஸ்... கோயிங்..." என்றாள். பிறகு வார்த்தை வரவில்லை. பத்து நிமிடம் அப்படியே விட்டேன். பழகட்டும் என்றுதான்.

பூபாலன், "மேம், தமிழ்லயே சொல்லட்டும் மேம், ப்ளீஸ்" என்றான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

கடைசியில் அவள் ஒன்றும் பேசாமல் எழுதி எழுதியே கணக்கை விளக்கினாள். அம்புக்குறி, வட்டம், அடிக்கோடு. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் புரியவைத்துவிட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பாண்டிச்செல்வி ஆறு நாளாக வரவில்லை. அம்மாவுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் கூட இருந்தாளாம். அந்த நாட்களில் வகுப்பை நான் நடத்தினேன். வருகை பதினாலு, பதினொன்று, ஒன்பது, ஏழு. மழைக்காலம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வருகைக் கணக்கு வந்தது. பாண்டிச்செல்விக்கு அறுபத்தொரு சதவீதம். அறுபத்தைந்துக்குக் கீழே என்றால் பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருடம் வந்து இந்த செமஸ்டரை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

ஆன் டியூட்டிக் கடிதம் கேட்டு வந்தாள். பேப்பர்கூட அவளே வாங்கி வந்திருந்தாள். எந்தெந்தத் தேதி, எந்தெந்தப் பீரியட் என்று பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தாள்.

"இப்ப இதுல நான் கையெழுத்துப் போட்டா, அந்த நேரத்துல நீ என் வகுப்புல என்ன பண்ணினேன்னு கேப்பாங்க. பதிவேட்ல உன் பேர் இல்ல. குழு வந்து போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் போட்டுருவீங்கல்லங்க மேம்?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

அந்தப் பேப்பரை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

கோதண்டம் சார் கூட்டம் போட்டார். குழு முன்னால் மெல்லக் கற்கும் மாணவர் ஒருவர் எழுந்து, இந்தத் திட்டத்தால் பயனடைந்ததைச் சொல்ல வேண்டுமாம். "கிராமத்துப் பிள்ளையா இருந்தா நல்லாருக்கும்" என்றார். யாரைப் போடலாம் என்று கேட்டார்.

பாண்டிச்செல்வி என்றேன். பட்டியலில் உள்ள பெயர்தானே.

அக்டோபர் 8, செவ்வாய்

நான்கு வரி எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தை அப்படியே படிக்கத் தடுமாறியதால் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'ஐ வாஸ் எ ஸ்லோ லேர்னர். ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் மேத்ஸ். மை ஃப்ரெண்ட் வர்ஷா டாட் மீ. நவ் ஐ ஆம் கான்ஃபிடெண்ட்.'

படித்துவிட்டு, "இதுக்கு என்னங்க மேம் அர்த்தம்?" என்று கேட்டாள். சொன்னேன்.

"எனக்குக் கணக்குன்னா பயமில்லீங்களே மேம்."

"பேச்சுக்குத்தான். எல்லாரும் உண்மையையேவா பேசுறாங்க?"

இருபது தடவை சொல்ல வைத்தேன். 'ஸ்லோ' அவளுக்கு 'சிலோ' என்றுதான் வருகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாகப் பத்து தடவை. ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டவள்தானே, ஒரு வகையில் அதுவும் நடந்துவிட்டது.

அக்டோபர் 10, வியாழன்

ஒத்திகை. நான்கு வரிக்குப் பிறகு அவள் பலகையில் ஒரு கணக்குப் போடத் தொடங்க வேண்டும், இரண்டாவது வரியில் தெரியாதது போல நிற்க வேண்டும், வர்ஷா எழுந்து வந்து உதவ வேண்டும். சக மாணவர் உதவி என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

ஒத்திகையில் இரண்டு தடவையும் பாண்டிச்செல்வி நிற்காமல் கணக்கை முடித்துவிட்டாள். "கை தானாப் போயிருதுங்க மேம்" என்றாள். மூன்றாவது தடவை, அவள் பக்கத்தில் நின்று, இரண்டாவது வரியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அதன் பிறகு சரியாக வந்தது.

நாளை ஆயுத பூஜை. பொரி, கடலை வாங்க வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

குழு வந்து போயிற்று. முழுதாக எழுதி வைக்கிறேன்.

மூன்று பேர். தலைவர் வடக்கிலிருந்து வந்த வயதான பேராசிரியர், தமிழ் தெரியாது, சாந்தமான முகம். நான் அறிக்கையை வாசித்தேன். பிறகு பாண்டிச்செல்வி எழுந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரி, துவைத்த சுடிதார் போட்டு வந்திருந்தாள். நான்கு வரியையும் சொன்னாள். 'ஸ்லோ' நன்றாக வந்தது. பின்னால் இருபத்திரண்டு பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பூபாலன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நின்றாள். சாக்பீஸ் பலகையிலேயே இருந்தது. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லையோ என்று எனக்கே தோன்றும்படி நின்றாள். நான் வர்ஷாவுக்குச் சைகை செய்தேன்.

வர்ஷா போய் சாக்பீஸை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மறந்துவிட்டதோ, வேண்டுமென்று செய்தாளோ தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். அரை நிமிடம் போயிருக்கும். கோதண்டம் சார் இருமினார்.

அப்போது பாண்டிச்செல்வி பலகையைப் பார்த்தபடியே உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள். முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"எக்ஸை 'யு'வா எடு வர்ஷா. மிச்சம் தானா வரும். எழுது."

வர்ஷா எழுதினாள். பாண்டிச்செல்வி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எழுதி முடித்தாள். பெரியவர் கைதட்டினார். இரண்டு பெண்களும் நெருங்கி நிற்பதைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார். வர்ஷாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார். பாண்டிச்செல்வியிடம் குனிந்து, பயப்படாதே, முயற்சி செய்துகொண்டே இரு என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் 'தேங்க்யூ சார்' என்றாள்.

நல்லபடியாக முடிந்தது. இரவு சோறு இறங்கவில்லை. வெயிலில் அலைந்தது.

அக்டோபர் 21, திங்கள்

கடிதம் கேட்டு வந்தாள். புதன்கிழமை வரச் சொன்னேன்.

அக்டோபர் 23, புதன்

வந்தாள். துறைத்தலைவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

கோதண்டம் சாரிடம் நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார், என் நிரந்தரம் பற்றிய கோப்பு நிர்வாகத்துக்குப் போயிருக்கிறதாம். அறிக்கைகளில் ஒரு எழுத்துகூட முன்னுக்குப் பின் முரணாக இருக்கக் கூடாது என்றார். பொதுவாகத்தான் சொன்னார்.

அக்டோபர் 28, திங்கள்

பாண்டிச்செல்வியிடம் சொல்லிவிட்டேன். முடியாது என்று நேராகச் சொல்வதுதான் மரியாதை.

"பதிவேட்டுப்படி நீ அந்த வகுப்புல கத்துக்கிட்ட பிள்ள. கத்துக்குறவங்களுக்கு வகுப்பு நேரத்துல ஆன் டியூட்டி கிடையாது. விதி அப்படி இருக்கு, நான் என்ன செய்ய?"

அவள் அழவில்லை. "நீங்கதானுங்க மேம் உங்க பொறுப்புன்னீங்க" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். ஆறு நாள் அவளாக விடுப்பு எடுத்ததை நினைவுபடுத்தினேன். அது இல்லாவிட்டால் இந்த நிலைமை வந்திருக்காது.

தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். கணிதத் துறையில் ஒரு பெயர்.

நவம்பர் 6, புதன்

பாண்டிச்செல்வியின் அம்மா வந்தார். பெயர் மூக்கம்மாள். ஷிப்ட் முடிந்து நேராக மில் பஸ்ஸில் வந்திருக்கிறார். டெங்குவில் பாதியாகியிருந்தார். துறை அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் கதவோரம் நின்றாள்.

"மேடம், ஆபீசுல பரீச்ச எழுத முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கிளாசுக்கே வர்றதில்லன்னு சீட்டுல போட்டுருக்கு. தெனமும் காலைல நாந்தான் பஸ் ஏத்தி விடுறேன். இவ எங்க போறான்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா. மத்தியானமானா எங்கதான் மேடம் போனா? நீங்களாவது சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அடுத்த மேசை ஆசிரியர் பேனாவை மூடிவிட்டுக் கவனித்தார். பாண்டிச்செல்வியும் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று அவள் நம்பியது முகத்தில் தெரிந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்ததே அதற்காகத்தான் போலிருக்கிறது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "இந்த வயசுப் பிள்ளைகள நீங்கதான் கொஞ்சம் கவனிச்சுக்கணும்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, திரும்பி அவளை ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். "எவன்டி? எவன்கூடடி போன?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நாங்கள் எழுந்து தடுப்பதற்குள் நாலைந்து அடி விழுந்துவிட்டது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. என்னிடமிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, "நல்ல புத்தி சொல்லி வளத்துவிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து துணிகளை மடித்து வைத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

வர்ஷா கோதண்டம் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். சார் என்னை அழைத்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"உண்மையா?"

"பரீட்சை டென்ஷன்ல இருக்கா சார். தோழி மேல இரக்கம்."

"அறிக்கை என் கையெழுத்தோடதான் போயிருக்கு" என்றார். பிறகு, "வர்ஷாவோட அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வர்ஷா நின்றிருந்தாள். "மேம், உங்களப் பத்தி அவ ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. நான்தான் போய்ச் சொன்னேன். அவங்க வீட்ல அவள இப்ப மில்லுக்கு அனுப்பிட்டாங்க, தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன். அவள் ஒருத்தரிடமும் பேசவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

டிசம்பர் 12, வியாழன்

நிரந்தர ஆணை வந்தது. துறையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். தரக்குழு அறிக்கையில் நம் திட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. 'மாணவர்களுக்கிடையே நிலவும் உருக்கமான பிணைப்பு' என்று எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

நுண்கணித உள்தேர்வில் தேறிய பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் பல்கலைக்கழகத் தேர்வில் மறுபடி விழுந்துவிட்டார்கள். பூபாலன் தேறிவிட்டான். வழியில் பார்த்து வாழ்த்தினேன். காது கேட்காதவன் போலப் போனான்.

ஜூன் 25, புதன்

புதிய கல்வியாண்டு. கல்லூரியின் எல்லாத் துறைகளுக்கும் நானே ஒருங்கிணைப்பாளர். தனி அறை கொடுத்திருக்கிறார்கள், மின்விசிறி சத்தம் போடுகிறது. வர்ஷா கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

பாண்டிச்செல்வி திரும்பச் சேர்ந்திருக்கிறாள். ஏழு மாதம் மில்லில் வேலை செய்துவிட்டு, அம்மாவிடம் கெஞ்சி வந்தாளாம். இனி பூபாலன் வகுப்போடு உட்கார்ந்து படிக்க வேண்டும். செமஸ்டரைத் திரும்பப் படிப்பவர்கள் தானாகவே மெல்லக் கற்போர் பட்டியலில் வருவார்கள். விதி. நான் சேர்க்கவில்லை, கம்ப்யூட்டரே சேர்த்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

இந்த வருடம் சொல்லிக்கொடுக்க முன்வருபவர்கள் குறைவு. யாரும் பெயர் கொடுக்கவில்லை என்றே சொல்லலாம். முதல் சில வகுப்புகளை நானே எடுக்கிறேன்.

பாண்டிச்செல்வி வந்தாள். பதிவேட்டில் கற்போர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தாள். பழைய பிள்ளைகள் இரண்டு பேர் அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள்.

ஜூலை 10, வியாழன்

இன்று பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். மூன்றாவது வரியில் மைனஸ் குறியை விட்டுவிட்டேன். அப்போது கவனிக்கவில்லை. விடை தவறாக வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இடைவேளையில்தான் எனக்கே பட்டது.

அவள் பார்த்திருப்பாள். எழுதும்போதே பார்த்திருப்பாள்.

வகுப்பு முடிவில் நோட்டுகளை வாங்கித் திருத்தினேன். அவள் நோட்டைக் கடைசியாக எடுத்தேன். ஓரத்தில் எங்காவது பென்சிலால் சரியான விடை இருக்கும் என்று நினைத்தேன். பின்பக்கமும் பார்த்தேன். இல்லை. மூன்றாவது வரி நான் எழுதியபடியே இருந்தது. தவறான விடையின் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கை கட்டி நின்றாள். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுதுங்க மேம்."

இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நோட்டுக்காகக் காத்திருந்தாள்.

டிக் போட்டு, தேதி எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.